ஒரு படுக்கை, ஒரு குறி

நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், நாலு என்றால் நாலுதான், ஜெர்மன்காரன். ஜப்பான்காரனைப் போல முன்கூட்டியே வந்து நின்று பயமுறுத்த மாட்டான், இங்கிலீஷ்காரனைப் போலக் காக்கவைத்துப் பெருமை காட்டவும் மாட்டான். ஆனால் இந்த நாலு மணி தோக்கியோ நாலு மணி. பினாங்கைப் பிடித்த கையோடு கடிகாரத்தையும் பிடித்து ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். சூரியனுக்கு அது இரண்டரை. நான் சூரியனைப் பார்த்து வேலை செய்கிறவன். கொட்டகையின் நிழல் இன்னும் துவைகல்லைத் தொடவில்லை, நேரம் இருக்கிறது, இஸ்திரிப்பெட்டியில் கரியும் இருக்கிறது. இந்தக் கால்சட்டை முடிந்தால் இன்னும் ஒன்பது உருப்படி, எல்லாம் துறைமுகத்தில் நிற்கும் வேறொரு நீர்மூழ்கிக் கப்பலின் அதிகாரிகளுடையவை. பிறகு அவன் வருவான், பிராண்டிஸ், ஜெர்மன் தளத்தில் சாமான்களுக்குப் பொறுப்பான அதிகாரி. மேஜை மூலையில் மடித்து வைத்திருக்கும் அந்தச் சட்டையைக் காட்டி நேற்றுக் கேட்டதையே கேட்பான், இது யாருடையது என்று. ஒரு பெயர் சொல்ல வேண்டும். நேற்று, குறிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், புத்தகம் மைத்துனன் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி ஒரு நாள் வாங்கினேன். புத்தகம் என்று ஒன்று கிடையாது. எந்த வண்ணானுக்கும் குறிகள் தலையில்தான் இருக்கும். அது அவனுக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே அவன் உத்தியோகத்துக்கு அழகு.

அந்தச் சட்டையை நான் இன்னும் விரித்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. சேங்கொட்டைச் சாற்றை ஊசியில் தொட்டுக் குத்தி, மேலே சுண்ணாம்பு தடவி நானே போட்ட குறி. எட்டு நாள் கடல் தண்ணீரில் ஊறியும் அது போகவில்லை, போகாது, துணி கிழிந்தாலும் கிழியும் குறி போகாது. மூழ்கிப்போன கப்பலிலிருந்து வடக்குக் கரையில் ஒதுங்கிய பிணத்தை மலாய் மீனவர்கள் அன்றைக்கே மணலில் புதைத்துவிட்டார்கள். முகம் இல்லை என்றார்களாம். முடி என்ன நிறம் என்று கேட்டதற்கு முடியும் இல்லை என்றார்களாம். கழுத்தில் தொங்க வேண்டிய, பெயர் பொறித்த தகர வில்லையும் இல்லை. இந்த வெக்கையில் அது வேர்க்குருவைக் கிளப்புகிறது என்று கப்பல்காரர்கள் எல்லோரும் கழற்றி வைத்திருந்தார்கள், எனக்கே தெரியும். சட்டையை மட்டும் கழற்றிப் போலீஸ் சாவடியில் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பிராண்டிஸ் கைக்கு வந்து, அவன் குறியைப் பார்த்து, இது டோபி போட்டது என்று கண்டுபிடித்து இங்கே கொண்டுவந்தான். புத்திசாலி. பெட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மடிப்பில் சூடு அதிகமாகிறது. கருகின வாசனை வந்தால் போச்சு, வெள்ளைக் கால்சட்டையில் பழுப்பு விழுந்தால் அதை எந்த வெள்ளாவியும் எடுக்காது.

அவன் நினைப்பது ஒரு குறிக்கு ஒரு ஆள் என்று. அப்படி அல்ல. எங்கள் வழக்கத்தில் குறி ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரு வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு குறிதான், துணியைக் கொண்டுபோய்ப் போட்டால் யாருடையது எது என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கப்பல்காரர்களின் துணி முதல்முறை வந்தபோது எதை வீடு என்று வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். கப்பல் முழுவதும் ஒரு வீடு என்றால் ஐம்பத்தாறு பேரின் உள்சட்டை ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது அவர்களில் ஒருவனான எமில்தான் விளக்கினான். ஒரு படுக்கைக்கு இரண்டு பேராம். ஒருவன் இயந்திர அறையில் காவல் நிற்கும்போது மற்றவன் தூங்குவான், இவன் இறங்கினால் அவன் ஏறுவான், படுக்கை ஆறுவதே இல்லை. துணிப்பையும் படுக்கைக்கு ஒன்றுதான். அப்படியானால் படுக்கைதான் வீடு என்று முடிவு செய்து படுக்கைக்கு ஒரு குறி போட்டேன். அன்றைக்கு எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. இரண்டு புள்ளி ஒரு கோடு, எமில் ராட்கேயும் ருடி கெஸ்லரும், ஒரு வீடு. ருடி செத்துவிட்டான். எமில் இந்த மலைக்கு மேலே ஒரு சீனக் கிழவரின் காய்கறித் தோட்டத்தில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறான். அது பிராண்டிஸுக்குத் தெரியாது. ஆனால் துறைமுகக் காவல்காரன் ஒருவன் அவனிடம் சொல்லியிருக்கிறான்: ராட்கேயும் கெஸ்லரும் எப்போதும் இரண்டு பேராகத் துணிப்பை எடுத்து வருவார்கள், கப்பல் புறப்பட்ட அன்று கெஸ்லர் மட்டும் ஓடி வந்தான் என்று. யாரோ ஒரு வெள்ளைக்காரனை மலைப்பாதையில் பார்த்ததாகவும் பேச்சு இருக்கிறது. பிராண்டிஸ் அதை நேற்று ஒளிக்காமல் சொன்னான். ராட்கே கப்பலில் இல்லை என்றால் நான் ஜப்பான் போலீசுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், கொடுக்க எனக்கு ஆசை இல்லை, அவர்கள் தேடும் விதம் எனக்குப் பிடிக்காது என்றான். சட்டை ராட்கேயுடையது என்றால் ராட்கே கப்பலில் இருந்தான், இறந்தான், விஷயம் முடிந்தது.

முடிந்தது. நாக்கை மடக்கி மூன்று எழுத்துப் பெயரைச் சொன்னால் முடிந்தது. அதற்கு ஏன் ஒரு நாள் வாங்கினேன். கரியை ஊது, பொன்னுரங்கம், கரியை ஊது. நாரை என்றுதான் அந்தக் கப்பலை இங்கே எல்லோரும் சொல்வார்கள், அதன் கோபுரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளை நாரை ஒன்றை வரைந்திருந்தார்கள். பிரான்ஸ் கரையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐந்து மாதம் வந்தது. அந்த ஐந்து மாத அழுக்கு முதலில் இந்தக் கல்லுக்குத்தான் வந்தது. டீசல், வேர்வை, பூசணம், மூன்றும் சேர்ந்து துணி பச்சையாக இருந்தது. உவர்மண் கிடைக்கவில்லை, சாம்பல் போட்டு மூன்று வெள்ளாவி வைத்தேன், என் வீட்டுக்காரி தில்லையம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, இதுக்குள்ள மனுஷங்களா இருந்தாங்க என்று கேட்டாள். வரும் வழியில் மூன்று சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்களாம். எமில் இயந்திர அறைக்காரன், ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கவில்லை, கேட்டேன் என்றான். எதை என்றேன். தண்ணீருக்கடியில் எல்லாம் கேட்குமாம். கப்பல் கீழே இறங்கும்போது அதன் உள்சுவர்கள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம், மாடிப்படியில் தட்டுமுட்டுச் சாமான் மூட்டையை உருட்டிவிட்ட மாதிரி. இரண்டாவது கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்ததாம். அடுப்புக்குக் கரி அள்ளிப்போடுகிறவர்கள் யார் என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். உன் ஆட்கள் என்றான். அன்று அவன் சட்டைகளை நான் வேண்டுமென்றே அரைகுறையாக வெளுத்தேன். அது ஒரு எதிர்ப்பா. முப்பது வருஷம் ஏகாதிபத்தியம் ஏகாதிபத்தியம் என்று சங்க நோட்டீசு எழுதிய கை காட்டிய எதிர்ப்பு, ஒரு காலர் அழுக்கு.

ஆனாலும் அவன் மறுபடி வந்தான், மறுபடி பேசினோம், எனக்குத் தெரிந்த துறைமுக இங்கிலீஷும் அவனுக்குத் தெரிந்த துறைமுக இங்கிலீஷும் ஒரே அளவு மோசம். அவன் யார் என்று நான் கண்டுபிடித்தது பேச்சால் அல்ல. ஒருநாள் துணி எண்ணிக்கைச் சீட்டை அவனிடம் கொடுத்தேன். கையில் வாங்கியவன் பேசிக்கொண்டே மடித்தான், நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, இன்னும் ஒன்று, ஓரத்தை உள்ளே செருகிக் கட்டைவிரலால் தேய்த்து தொப்பிப் பட்டைக்குள் தள்ளினான், கண் அதன்மேல் போகவே இல்லை. காகிதத்தை அப்படி மடிக்கிறவன் ஒரே ஒரு வேலை செய்தவனாகத்தான் இருக்க முடியும். நானும் அப்படித்தான் மடிப்பேன், நூறு நோட்டீசுகளைப் போலீசுக்குத் தெரியாமல் ஒரே இடுப்பு மடியில் கொண்டுபோனவன் நான். எந்த வருஷம் என்று மட்டும் கேட்டேன். அவன் தொப்பியைத் தொட்டுப் பார்த்தான், சிரித்தான், பிரேமன் துறைமுகம், பதினாறு வயதிலிருந்து, முப்பத்துமூன்றாம் வருஷம் வரை என்றான். அந்த வருஷம் ஆட்சி மாறி, அவன் அண்ணனைப் போலீஸ் கொண்டுபோனதாம். பிறகு அவன் மடிப்பதை விட்டுவிட்டான். நான் விடவில்லையே, நான் விடவில்லையே என்று எனக்குள் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தினான். இப்போது நீயும்தான் விட்டுவிட்டாய், அதே ஆள்தான் உள்ளே இருந்து சொல்கிறான், ஜப்பான் கொடிக்குக் கீழே அதிகாரிகளின் கால்சட்டைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். பிடிக்கிறேன். மரவள்ளிக் கஞ்சி போட்டால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது, அரிசிக் கஞ்சியைவிட நன்றாக. வேலையில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்ல. நாலு உருப்படி முடிந்தது. நிழல் துவைகல்லின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு அவன் ஓடவில்லை. ஓடினான் என்று சொன்னால் அது தவறு, துண்டுப்பிரசுரத்தில் போடலாம், உண்மை அல்ல. கப்பல் சாயங்காலம் புறப்படுவதாக இருந்தது. காலையில் பிரிட்டிஷ் விமானங்கள் கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டுப் போனதால் உத்தரவு மாறிப்போய், தோக்கியோ மணி இரண்டுக்கே கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். மலைமேல் ஓய்வு விடுதியிலிருந்து லாரிகள் ஆட்களை அள்ளிக்கொண்டு இறங்கின. எமில் அதற்கு முன்பே துணிப்பை வாங்க இங்கே வந்து, பூட்சைக் கழற்றிவிட்டு, கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தான். சாலையில் லாரி மூன்று தரம் ஊதியது. அவனுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. நான் துவைப்பதை நிறுத்தவில்லை, அவன் காலை எடுக்கவில்லை. நாலாவது தரம் ஊதியபோது எழுந்தான், பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டு, சாலைப் பக்கம் அல்ல, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குப் பின்னால் போய் நின்றான். அவ்வளவுதான். என்னிடம் எதையும் கேட்கவில்லை. அப்போது ருடி சரிவில் இறங்கி ஓடிவந்தான், இருபத்துநாலு வயது, எப்போதும் அம்மாவின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறவன், எனக்குப் படித்துக் காட்ட வருவான், ஒரு எழுத்துப் புரியாது, தலையாட்டுவேன். எமில் எங்கே என்று கேட்டான். போய்விட்டான், முன்னால் போன லாரியில் என்றேன். யோசிக்கவே இல்லை. போலீஸ்காரனுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. ருடி நம்பினான். வேர்த்து ஒழுகிய சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, நான் அப்போதுதான் மடித்து வைத்த வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான், இதோ இந்தச் சட்டை. கஞ்சியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது எனக்குப் பதிலாகத் தானே காவல் நிற்கும், நான் தூங்கப் போகிறேன் என்றான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போனான். விரிப்புகளுக்குக் கீழே எமிலின் வெறும் கால்கள் தெரிந்துகொண்டிருந்தன. ருடி திரும்பிப் பார்த்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து எமில் வெளியே வந்து மணி என்ன என்று கேட்டான். ஒன்று என்றேன். உன் சூரியனுக்கா, அவர்கள் கடிகாரத்துக்கா என்று கேட்டான். சூரியனுக்கு என்றேன். அப்படியானால் போய்விட்டது என்று சொல்லிவிட்டு பூட்சைப் போட்டுக்கொண்டான். அதுவும் போயிற்று. நீரிணையின் வடக்கு வாயைத் தாண்டுவதற்குள் ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை அடித்துவிட்டது. நீர்மூழ்கியை நீர்மூழ்கி. ஐந்து மாதம் உலகத்தைச் சுற்றி வந்த கப்பல், ரப்பரும் தகரமும் கொயினாவும் நிரப்பிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய கப்பல், நாலு மணி நேரம்கூட ஓடவில்லை. ஜப்பான் ரோந்துப் படகு போய்ப் பார்த்தபோது எண்ணெய்தான் மிதந்ததாம், ஒருவரும் பிழைக்கவில்லை. செய்தி ஊருக்குள் வந்த அன்று நானே மலை ஏறிப் போய் எமிலிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணினான். அது என் காவல் நேரம் என்றான், நான் இல்லாததால் ருடி என்னுடையதையும் சேர்த்து நின்றிருப்பான் என்றான், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் தில்லையம்மா கிழங்கை அவன் மடியில் போட்டு, தின்னுடா, நீ செத்தா உன்னைப் பொதைக்கிற எடத்துக்கு நான் எங்க போவேன் என்று தமிழில் திட்டினாளாம், தின்றானாம். அவளுக்கு அவன்மேல் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு ஜெர்மன்காரனுக்குக் கிழங்கு அவிக்கத்தான் இத்தனை வருஷம் சங்கம் நடத்தினீங்களா என்று என்னைத்தான் கேட்கிறாள்.

இன்று காலையில் அவளிடம் சொன்னேன், எமில் பெயரைச் சொல்லிவிடப் போகிறேன், அவன் கழுத்து தப்பும், நம் கழுத்தும் தப்பும். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சரிதான் என்றாள். கொஞ்சநேரம் கழித்து, அந்தப் பையனோட அம்மா என்றாள். என்ன அவளுக்கு என்றேன். ஒன்னுமில்ல, கடுதாசி எழுதிட்டே இருப்பா, அவ்வளவுதான் என்றாள். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாலு பேருன்னு நோட்டீசு அடிச்ச கைதானே இது, இன்னொண்ணு அடிக்கிறதுக்கு என்ன யோசனை என்றாள். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறவள், எங்கே குத்தினால் ஊசி இறங்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். பெட்டியைத் தட்டின்மேல் வை, கையை உதறு, இந்தச் சட்டைப் பொத்தான் உடைந்திருக்கிறது, சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உடைத்தேன் என்பார்கள். நாலு பேர். துறைமுக வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டபோது விழுந்தவர்கள் மூன்று பேர். இருளாண்டி என்ற இன்னொரு தொழிலாளியைக் காணவில்லை, அவனும் விழுந்தான் என்று யாரோ சொன்னார்கள், அன்று மாலையே நோட்டீசு எழுதினேன், நால்வர் பலி, நான்கு பெயர், நான்கு ஊர். இரண்டு நாளில் சேதி வந்தது, இருளாண்டி பயந்துபோய் சயாம் எல்லையைத் தாண்டிவிட்டான், நன்றாக இருக்கிறான். திருத்தம் போடலாமா என்று கமிட்டியில் கேட்டேன். நாலு என்று சொல்லி ஊர்வலம் விட்டாகிவிட்டது, இப்போது மூன்று என்றால் மூன்றும் பொய் என்பார்கள் என்றார்கள். நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் கமிட்டியில் ஒருவன் இன்று ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்ப்பாளன், ஒருவன் ரேஷன் கடை நடத்துகிறான், என்னைத்தான் கட்டுப்பாடு இல்லாதவன் என்று வெளியே தள்ளினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன, கை என் கை. நோட்டீசு சிவகங்கைப் பக்கம் அவன் ஊர்வரை போயிருக்கிறது. பெண்டாட்டி தாலியைக் கழற்றிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து இருளாண்டி ஊருக்குப் போனபோது அவளை அவள் அண்ணன் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான், அவள் கையில் பிள்ளை இருந்தது. அவன் திரும்ப இங்கேயே வந்தான். இதே கொட்டகையில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்து நின்றேன். அடிக்கவில்லை. அண்ணே, நான் செத்தவனா இருந்தது உங்களுக்கு உபயோகமா இருந்துச்சா என்று கேட்டான். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஊர்வலத்தில் நாலாயிரம் பேர் வந்தார்கள் என்று சொன்னேன். அப்படியா என்றான்.

எமிலுக்கும் பெண்டாட்டி உண்டு. கிரேட்டா. ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை, பிரேமனில் குண்டு விழாத தெரு இல்லை என்கிறான், இருக்கிறாளோ இல்லையோ. இருந்தால் அவளுக்கு ஒரு காகிதம் போகும், உன் புருஷன் இறந்தான், பினாங்குக் கரையில் புதைத்தோம் என்று. அவளுக்கு நான் செய்வது இருளாண்டி பெண்டாட்டிக்குச் செய்ததுதான், இரண்டாம் தடவை, இந்தமுறை தெரிந்தே. உண்மையைச் சொன்னால் ருடியின் அம்மாவுக்கு ஒரு கல்லறை கிடைக்கும், எமிலைப் பிடிப்பார்கள், மரத்தில் கட்டிச் சுடுவார்கள், தோட்டத்துச் சீனக் கிழவரையும் சுடுவார்கள், தில்லையம்மாவை என்ன செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அப்போதும் கிரேட்டாவுக்குக் காகிதம் போகும், துரோகி என்ற சொல்லோடு. கணக்குப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, அன்றைக்கும் தெளிவாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இருளாண்டி செத்ததால் பிழைத்தவர்கள் யாரும் இல்லை, கூட்டம்தான் வந்தது. எமில் செத்தால் எமில் பிழைப்பான். ஒருநாள் யுத்தம் முடிந்து அவன் ஊருக்குப் போய், மாறிப்போன வாசலில் நின்று, யார் என்னைச் சாகடித்தது என்று கேட்கட்டும். கேட்பதற்கு வாய் இருக்கும். ஆனால் ருடியின் அம்மா. அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. ருடி ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறான், ஏதோ ஆற்றங்கரை, நான் தலையாட்டியிருக்கிறேன். ஒன்பதாவது உருப்படி. நிழல் கல்லை முழுவதும் மூடிவிட்டது. சாலையில் சைக்கிள் மணி.

பிராண்டிஸ் சைக்கிளை மூங்கிலில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறான். ஒல்லியான ஆள், ஆசிரியர் உத்தியோகம் பார்த்தவனாம். எல்லோரும் இவனை மலாயில் எஜமானை அழைப்பதுபோல் துவான் என்பார்கள், நான் எவனையும் துவான் என்றதில்லை, மிஸ்டர் என்பேன், அவன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. சட்டையைத் தொடாமல் அதன் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைக்கிறான், அச்சடித்த படிவம். புத்தகம் வந்ததா என்கிறான்.

“வந்தது, மிஸ்டர் பிராண்டிஸ். இது எமில் ராட்கேயின் குறி.”

அவன் கண்ணை மூடித் திறக்கிறான். நிச்சயமாகவா என்று ஒருதரம் கேட்கிறான், நிச்சயம் என்கிறேன், பேனாவைத் திறந்து நிதானமாக எழுதுகிறான். அவன் தோள் இறங்குவது எனக்குத் தெரிகிறது, அவனும் இந்த ஒரு நாளைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். நல்லது டோபி, காவல்காரன் சொன்னதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்கிறான். நான் பெட்டியைத் தட்டின்மேல் வைக்கிறேன். இத்தோடு போய்விடுவான், போகட்டும். அவன் போகவில்லை, மடித்த இன்னொரு காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறான், முகத்தில் ஏதோ இளகுகிறது.

“மற்ற வீடுகளுக்கெல்லாம் இறந்தான் என்றே எழுதிவிட்டேன், இந்தச் சட்டைக்காகக் கெஸ்லர் கடிதம் மட்டும் பாக்கி. அவன் உடல் கிடைக்கவில்லை என்றால், காணவில்லை என்று எழுதலாம். பிரிட்டிஷார் யாரையாவது கடலிலிருந்து தூக்கியிருக்கலாம். அவன் தாய்க்கு அப்படியே எழுதுகிறேன். இந்த வாரம் நான் எழுதும் ஒரே நல்ல கடிதம்.”

நல்ல மனிதன், அதுதான் சங்கடம். எங்கோ ஒரு ஆற்றங்கரையில் ஒருத்தி யுத்தம் முடிந்த பிறகும் ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நிற்பாள், பத்து வருஷம் நிற்பாள், இந்த நல்ல கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. பேசாதே, பொன்னுரங்கம். சொன்னதோடு நிறுத்தத் தெரிந்தவன்தான் பிழைப்பான், லாக்கப்பில் நீயே நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

“அப்படி எழுத வேண்டாம்” என்கிறேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கிறான். இவ்வளவு நேரம் என் இஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போதுதான் என்னைப் பார்க்கிறது. ஏன் என்கிறான், மெதுவாக. உனக்கு எப்படித் தெரியும்.

“ஒரே படுக்கை, மிஸ்டர். ராட்கே காவலில் இருந்தால் கெஸ்லர் தூக்கத்தில். விழித்திருந்தவனே பிணமாகத்தான் வந்தான். தூங்கினவன் எங்கே போயிருப்பான்?”

ஆற்றில் யாரோ துணி அடிக்கும் சத்தம், ஒன்று, அதன் எதிரொலி. அவன் என்னைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு வண்ணானுக்கு அவர்களுடைய காவல்முறை எப்படித் தெரியும், ஒரு வண்ணான் செத்த பையனுக்காக எதற்கு வாயைத் திறக்க வேண்டும், அவன் ஆசிரியராக இருந்தவன், எந்தப் பையன் எதை மறைக்கிறான் என்று பார்த்தே பழகியவன். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் போச்சு என்பதால் மட்டும் அல்ல, எவனுக்கும் தாழ்த்திப் பழக்கம் இல்லை. கடைசியில் அவன்தான் கீழே பார்க்கிறான், கையிலிருந்த காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு மேலே வேறு எழுதுகிறான், நீளமான சொல் அல்ல. ஆமாம், தூங்கியிருப்பான் என்கிறான். தெரிந்துகொண்டானா. தெரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டு, எமிலைப் போல அவனும் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துவிட்டான்.

பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டுகிறான். அடையாளம் சொன்னவன் கையெழுத்து வேண்டுமாம், சட்டம். உன் பெயர் என்ன என்று கேட்கிறான், ஒரு வருஷமாக டோபி என்று கூப்பிட்டவன். முப்பது வருஷம் எழுதினேன், இருநூறு நோட்டீசு இருக்கும், மூன்று ஊர் அச்சாபீசுகளில் அடித்தது, ஒன்றிலும் என் பெயர் கிடையாது. அடியில் ஒரு தொழிலாளி என்று போடுவேன். அது அடக்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன், போலீசுக்குப் பயந்ததும் உண்டு. நால்வர் பலி என்ற நோட்டீசிலும் ஒரு தொழிலாளிதான். இருளாண்டியின் பெண்டாட்டி யாரைச் சபிப்பது என்று தெரியாமல்தான் தாலியைக் கழற்றியிருப்பாள். பேனா சன்னமாக இருக்கிறது, நல்ல பேனா. கஞ்சி ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். முழுப் பெயரும் எழுதுகிறேன், அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு என் பெயர், அடியில் வண்ணாந்துறை, பினாங்கு. தமிழில்தான். கிரேட்டா என்றைக்காவது இதை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொன்னால் படிக்கிறாற்போல இருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, அவசரப்படாமல். எழுத்து நன்றாகவே வருகிறது.